கட்டுவிரியன் விரியன் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "பிளஸ் டூவில் உயிரினங்களின் வகைப்பாடு படித்தோம். இப்போது நோய்களின் சர்வதேச வகைப்பாடு படிக்கிறோம். நோயாளிப் பாதுகாப்புப் பாடத்தில் மனிதப் பிழைகளுக்கும் வகை சொல்கிறார்கள். மூன்றும் ஒரே வேலைதானா? தேர்வுக்கு மனப்பாடம் செய்வதைத் தவிர வார்டில் இவற்றால் என்ன பயன்?"

நான் விலங்கியல் படித்துவிட்டு மருத்துவப் பதிவேட்டுத் துறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். நீங்கள் சொல்லும் மூன்று வகைப்பாடுகளும் ஒரே நோயாளியின் கட்டிலருகே சந்தித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சம்பவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்க்கொண்டிருந்தார். சருகில் கால் வைத்தபோது கணுக்காலில் கடிபட்டது. கூட இருந்தவர் பாம்பை அடித்துப் பழைய பெயின்ட் வாளியில் போட்டு, ஆளோடு சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார். (இப்படிச் செய்யக்கூடாது. பாம்பைத் தேடி அடிப்பதில் நேரம் போகும், இன்னொருவரும் கடிபடலாம், செத்த பாம்பின் தலைகூடக் கடிக்கும். எட்ட நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும், முடியாவிட்டாலும் பரவாயில்லை.) நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்தவர்கள் வாளியை எட்டிப் பார்த்தார்கள். சிறிய பாம்பு, தவிட்டு நிறம், சுருண்டு கிடந்தது. கேஸ் ஷீட்டில் 'சுருட்டைவிரியன் கடி' என்று எழுதினார்கள்.

ரத்தம் உறையவில்லை. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பல மணி நேரம் கழித்தும் உறையவில்லை. மறுபடி ஏற்றினார்கள். மறுநாள் காலையில் சிறுநீர் குறைந்திருந்தது. பதிவேட்டு வேலையாக அங்கே போன நான் வாளியைப் பார்த்தேன். மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கி நின்றது. தலையின் மேற்புறத்தில் பெரிய செதில் தகடுகள் இருந்தன. கண்ணுக்கும் நாசித் துளைக்கும் நடுவே தெளிவாக ஒரு சிறு குழி தெரிந்தது. சுருட்டைவிரியனின் தலை முழுக்கச் சின்னச் சின்னச் செதில்களாக இருக்கும், அந்தக் குழி அதற்குக் கிடையாது. வாளியில் கிடந்தது மூக்கு மேடிட்ட குழிவிரியன், மேற்குத் தொடர்ச்சி மலையோரத் தோட்டங்களில் சருகுக்குள் கிடக்கும் பாம்பு. அதன் விஷத்துக்கு இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து வேலை செய்யாது.

அந்த மனிதர் டயாலிசிஸ் செய்து பிழைத்தார். பின்னர் நிர்வாகத்துக்குப் போன சம்பவப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: கவனக்குறைவு.

அது என்ன பாம்பு என்பது உயிரியலின் கேள்வி. இவருக்கு என்ன நேர்ந்திருக்கிறது, என்ன செய்ய வேண்டும், பதிவேட்டில் எந்த எண்ணில் ஏற்ற வேண்டும் என்பது மருத்துவத்தின் கேள்வி. எங்கே பிசகியது, மறுபடி பிசகாமலிருக்க எதை மாற்ற வேண்டும் என்பது பிழை ஆய்வின் கேள்வி. ஒவ்வொரு வகைப்பாடும் ஒரு கேள்விக்காகக் கட்டப்பட்டது. ஒன்றுக்காகக் கட்டியதை எடுத்து இன்னொன்றுக்குப் பயன்படுத்தும்போதுதான் ஆபத்து வருகிறது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உயிரியலுக்கு முன்னால் நம் மொழிக்குள் இருக்கும் ஒரு வகைப்பாட்டைப் பார்த்துவிடுவோம். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரிக்கிறது. அதே இயலில் தாவரங்களைப் பற்றி இப்படி வருகிறது: "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப." வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். இந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல்லில் சேரும், தேக்கும் பலாவும் மரத்தில் சேரும். பனையை அறுக்கும் தச்சரிடம் ஒருநாள் நின்று பாருங்கள். இரும்பு போன்ற வைரம் வெளிவளையத்தில் இருக்கும், நடுவில் இருப்பது வெறும் சோறு. கைமரம் எடுப்பது அந்த வெளிவளையத்திலிருந்துதான். தேக்கில் நேர்மாறு. வெளியே இருக்கும் வெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிட்டு நடுவைத்தான் எடுப்பார். இன்றைய தாவரவியல் சொல்லும் ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவோடு இது பெரும்பாலும் பொருந்திப்போகிறது. அந்த நூலை அரங்கேற்றியபோது கேட்டவர் அதங்கோட்டாசான் என்று பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு விளவங்கோடு வட்டத்து ஊர்தான் என்று நம் மாவட்டத்துக்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு.

ஒரே ஒரு அடையாளத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், பார்க்காத பல குணங்களையும் அது சொல்லிவிடும் என்பதை அந்த இரண்டு வரிகள் காட்டுகின்றன. காழ் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் கிளை விடுமா, எப்படிப் பருக்கும், எதற்கு உதவும் என்பதெல்லாம் கூடவே தெரிகிறது. நல்ல வகைப்பாட்டின் அடையாளம் அதுதான்.

ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1753-ல் தாவரங்களுக்கும் 1758-ல் விலங்குகளுக்கும் இரட்டைப் பெயர் முறையை நிலைநிறுத்தினார். திமிங்கிலத்தை மீன்களிலிருந்து பிரித்துப் பாலூட்டிகளோடு சேர்த்ததும் அந்த 1758-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். நூறு ஆண்டு கழித்து, 1859-ல் டார்வின் அந்தப் படிநிலைக்குக் காரணம் சொன்னார்: உறவுமுறை. ஒரே மூதாதையிலிருந்து வந்தவை ஒரே கூட்டம். அன்றிலிருந்து உயிரியலின் வகைப்பாடு ஒரு குடும்ப மரம். குளச்சல் ஏலக்கூடத்தில் சாளை, அயிலை, சுறா, கணவாய் எல்லாம் மீன்தான். வலைக்கும் விலைக்கும் அந்த வகை சரியானது. குடும்ப மரத்தில் கணவாய் நத்தையின் உறவு. சுறா ஒரு கிளை, சாளை இன்னொரு கிளை. நுரையீரல் மீன் என்று ஒன்று உண்டு, அது சாளையைவிட நமக்கு நெருங்கிய உறவு. 'மீன்' என்ற சொல்லுக்கு அந்த மரத்தில் தனிக் கிளையே கிடையாது. அதற்காக ஏலக்காரரைத் திருத்தப் போக வேண்டியதில்லை, அவருடைய கேள்வி வேறு.

பெயர் மட்டும் ஒன்றாக இருந்து பொருள் மாறிப்போகும் கதை நம் வாழைக் கடைகளிலேயே உண்டு. தமிழ்நாட்டில் பூவன் என்றால் ஒரு பழம். களியக்காவிளையைத் தாண்டினால் பூவன் என்று கொடுப்பது ரஸ்தாளியை. நாம் பூவன் என்பதற்கு அங்கே பாளையங்கோடன் என்று பெயர். எல்லையில் இருக்கும் நமக்கு இரண்டும் காதில் விழுந்து பழக்கம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1955-ல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பதினைந்து அடையாளங்களுக்கு மதிப்பெண் போட்டு, ஒவ்வொரு வாழையும் எந்தக் காட்டு வாழைகளின் வாரிசு என்று பிரித்தார்கள். நம் மட்டி ஒரே ஒரு காட்டினத்தின் வழி வந்தது, பூவன் இரண்டு காட்டினங்கள் கலந்து பிறந்தது. பழத்தில் பெயர் மாறினால் நஷ்டம் சில ரூபாய். பாம்பில் மாறினால் உயிர்.

தலைப்பில் சொன்னதற்கு வருகிறேன். கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன் என்று மூன்றுக்கும் தமிழில் ஒரே குடும்பப் பெயர் போல அமைந்துவிட்டது. முதல் இரண்டும் உண்மையில் விரியன் குடும்பம். நீளமான, மடங்கி நிமிரும் விஷப்பற்கள் கொண்டவை. விஷம் முக்கியமாக ரத்தத்தையும் தசையையும் தாக்கும். கால் வீங்கும், ஈறிலிருந்து ரத்தம் கசியும். கட்டுவிரியனோ நல்லபாம்பு, ராஜநாகம், வலையில் சிக்கிவரும் கடல்பாம்பு ஆகியவற்றின் குடும்பம். சிறிய, அசையாத விஷப்பற்கள். விஷம் நரம்பைத் தாக்கும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரை இரவில் கடிக்கும். கடித்த இடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது, வீக்கமும் இருக்காது. 'விரியன் கடித்தால் வீங்குமே, வீங்கவில்லையே' என்று வீட்டார் விடியும் வரை காத்திருந்தால், வயிற்றுவலியில் தொடங்கி, இமை தொங்கி, மூச்சு நின்றுபோகும். பெயரை நம்பியதால் வரும் சாவு இது. குடும்ப மரம் தெரிந்தவர் வீக்கத்தைத் தேட மாட்டார், இமையைப் பார்ப்பார்.

இனி மருத்துவம். அவசரப் பிரிவு மருத்துவருக்குப் பெரும்பாலும் பாம்பு கிடைக்காது. "ஏதோ ஊர்ந்தது" என்பதுதான் கிடைக்கும். ஆகவே மருத்துவம் பாம்பை விட்டுவிட்டு நோயாளியை வகைப்படுத்துகிறது. நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா, ரத்தம் உறைவது கெட்டிருக்கிறதா? இரண்டாவதற்கு ஒரு சோதனை உண்டு. உங்கள் கையாலேயே அதைப் பலமுறை செய்யப்போகிறீர்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புதிய, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் குழாய் கூடாது. சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் கூடாது, கண்ணாடிப் பரப்பு தொட்டால்தான் உறைதல் தூண்டப்படும், சோப்பு அதைக் கெடுத்துவிடும். சிரையிலிருந்து இரண்டு மில்லி லிட்டர் ரத்தம் எடுத்து ஊற்றி, அசைக்காமல் நிறுத்திவைத்து, கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. தண்ணீர்போல் ஓடினால் உறையவில்லை. இடையில் ஆர்வத்தில் எடுத்து ஆட்டிப் பார்த்தால் சோதனை கெட்டுவிடும். ஒரு குழாய், ஒரு கடிகாரம், அவ்வளவுதான் செலவு. ஆனால் இந்தச் சோதனை நோயாளியை இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று பிரிக்கிறது, அதைப் பொறுத்து மருந்து. விஷமுறிவு மருந்து கொடுத்தபின் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்வது வழக்கம்.

இந்த வகைப்பாட்டுக்கு எல்லைகள் கசியும் என்பதையும் மறக்கக் கூடாது. கண்ணாடிவிரியன் ரத்த வகை. ஆனால் இலங்கையிலும் கேரளத்திலும் அது கடித்தவர்களுக்கு இமை தொங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். மருந்தின் கதையும் அப்படித்தான். இந்தியாவின் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளின் விஷத்தைக் கொண்டு தயாராகிறது: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். 'பெரிய நான்கு' என்ற அந்தப் பட்டியல் மருந்து தயாரிக்க எழுந்த வகை. காலப்போக்கில் அதுவே 'விஷப்பாம்பு என்றால் இந்த நான்கு' என்று பாடமாகிவிட்டது. ஐந்தாவதாக ஒன்று நம் தோட்டத்திலேயே கிடக்கிறது என்பது பட்டியலில் இல்லாததால் கண்ணிலும் படவில்லை. கடல்பாம்புக்கும் அந்த மருந்து உதவாது என்பதைக் கடற்கரை ஊர்களில் வேலை பார்க்கப் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விளைவை வைத்து வகைப்படுத்துவது நமக்குப் புதிதில்லை. நம் மாவட்டத்து வர்ம ஆசான்கள் நூற்றெட்டு வர்மங்களைப் படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்று பிரிக்கிறார்கள். உடம்பில் எங்கே இருக்கிறது என்பதைவிட, அடிபட்டால் என்ன ஆகும், எவ்வளவு சீக்கிரம் இளக்குமுறை (அடிபட்டவரை மீட்கும் சிகிச்சை) செய்ய வேண்டும் என்பதே அந்தப் பிரிவின் அடிப்படை. அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிப்பதும் இதே தர்க்கம். ஒரே நோய் உள்ள இரண்டு பேர் அங்கே வெவ்வேறு நிறத்தில் விழலாம்.

என் மேஜைக்கு வந்தது மூன்றாவது வகையான மருத்துவ வகைப்பாடு, எண்ணிக்கைக்கானது. நோய்களின் சர்வதேச வகைப்பாடு மரணக் காரணங்களின் பட்டியலாகத்தான் பிறந்தது. 1893-ல் பிரெஞ்சுக்காரர் ஜாக் பெர்ட்டியோன் முன்வைத்த பட்டியல் அதன் வேர். 1948 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பராமரிக்கிறது. பத்தாம் திருத்தத்துக்கு 1990-ல் ஒப்புதல் கிடைத்தது, பதினொன்றாம் திருத்தம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜனவரியில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி நோய்ப்பெயர்களுக்கும் அதில் ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது. கோட்டாறு ஆயுர்வேதக் கல்லூரியில் படிப்பவர்களுக்கும் இனி இந்தக் குறியீடுகள் தேவைப்படும்.

பத்தாம் திருத்தத்தில் பாம்பு விஷத்துக்கு உள்ள எண் T63.0. சுருட்டைக்கும் அதே எண்தான், குழிவிரியனுக்கும், கடல்பாம்புக்கும் அதேதான். அந்தத் தொழிலாளியின் கேஸ் ஷீட்டில் இதை நான் எழுதியபோது எனக்கு நெஞ்சு உறுத்தியது. மருந்து வேலை செய்யாத கடி ஒன்று, வேலை செய்யும் கடிகளோடு ஒரே குவியலில் போய் விழுந்தது. நாளைக்கு யாராவது 'குமரி மாவட்டத்தில் இந்த ஐந்தாவது பாம்பு எத்தனை பேரைக் கடிக்கிறது, அதற்கு மருந்து தயாரிப்பது அவசியமா' என்று கேட்டால் அந்தக் குவியலுக்குப் பதில் சொல்லத் தெரியாது. குறியீட்டைக் குறை சொல்ல முடியாது, அது நாடுகளை ஒப்பிட்டு எண்ணுவதற்காகக் கட்டப்பட்டது. அதற்குப் பக்கத்தில் பாம்பின் பெயரையும் எழுதிவைக்க வேண்டியது நம் பொறுப்பு. பதினொன்றாம் திருத்தத்தில் கூடுதல் குறியீடுகளை இணைத்து எழுத வழி செய்திருக்கிறார்கள். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததும் எனக்குப் பெரிய ஆறுதல்.

இன்னொரு கட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மரணச் சான்றிதழில் 'காரணம்' என்ற இடத்தில் 'இதயமும் சுவாசமும் நின்றன' என்று எழுதி வரும் தாள்களை நான் நூற்றுக்கணக்கில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. அது சாவின் விவரிப்பு, காரணம் வேறு. சர்க்கரை நோயா, காசநோயா, பாம்பா என்பதுதான் காரணம். கட்டம் நிரம்பிவிட்டது என்ற திருப்தியில் கேள்வி அங்கேயே செத்துவிடுகிறது.

கட்டம் மனிதர்களை எப்படி வாட்டும் என்பதைக் குமரிக் கடற்கரை 2017 நவம்பர் இறுதியில் கண்டது. ஒக்கி புயலில் திரும்பாத மீனவர்கள் அரசுத் தாளில் 'காணாமல் போனவர்கள்'. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டு தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கருதலாம் என்பது சட்டத்தின் பொது விதி. வீட்டில் அழுது தீர்த்தவர்களுக்கு, தாளில் எந்தச் சொல் விழும் என்பதே அடுத்த கவலையானது. வகை என்பது வெறும் பெயர் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் குடும்பங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

கடைசியாகப் பிழை. 'கவனக்குறைவு' என்பதும் 'இதயம் நின்றது' என்பதும் ஒரே ரகம். தவறு நடந்தபின் திரும்பிப் பார்த்தால் எல்லாத் தவறும் கவனக்குறைவாகத்தான் தெரியும். அதனால் அது எதையும் பிரித்துக் காட்டுவதில்லை. அந்தச் சொல்லுக்கு மெமோ என்ற ஒரே மருந்துதான் உண்டு. மெமோவால் எதுவும் குணமாவதில்லை, அடுத்த முறை அந்தத் தவறு வெளியே வராமல் மறைக்கப்படும் என்பதுதான் பலன். இதில் எனக்கு நடுநிலை கிடையாது, இளம் நர்ஸ்கள் பலர் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990-ல் முன்வைத்த பிரிவு உலகெங்கும் பயன்படுகிறது. தமிழில் அதற்குச் சொற்கள் தயாராகவே இருக்கின்றன: கைப்பிசகு, மறதி, தப்புக்கணக்கு, விதிமீறல்.

கைப்பிசகு என்றால் நினைத்தது சரி, கை வேறொன்றைச் செய்துவிட்டது. ரீசன் தன் வீட்டுக் கதையையே சொல்வார்: தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது பூனை வந்து கத்த, பூனைக்கான உணவைத் தேநீர்ப் பாத்திரத்தில் போட்டுவிட்டார். இரண்டு வேலையும் கைக்குப் பழகியவை என்பதால்தான் அவை கலந்தன. இதில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. கைப்பிசகு புதியவர்களைவிடக் கைதேர்ந்தவர்களுக்கே அதிகம் பொருந்தும், ஏனென்றால் அவர்கள் கை தானாக ஓடுகிறது. அவர்களுக்கு மறுபடி பயிற்சி வகுப்பு நடத்துவதால் பயனில்லை. செறிவான பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலும் கலப்பதற்கான உப்புநீர் ஆம்பூலும் ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்தால் ஒருநாள் ஒரு நல்ல நர்ஸின் கை மாறியே தீரும், நோயாளியின் இதயம் நின்றே போகும். உலகெங்கும் இதற்குக் கண்ட வழி, செறிவான பொட்டாசியத்தைப் பொது வார்டின் அலமாரியிலிருந்தே எடுத்துவிடுவது. மாற்ற வேண்டியது அலமாரியை.

மறதி என்பது செய்ய வேண்டியது விட்டுப்போவது. பெரும்பாலும் இடையில் யாராவது கூப்பிட்டதால், அல்லது பணி மாறும் நேரத்தில். இதற்கு நினைவூட்டும் தாள், பலகை, சரிபார்ப்புப் பட்டியல் உதவும்.

தப்புக்கணக்கு வேறு. இங்கே கை சரியாகத்தான் வேலை செய்தது, முடிவுதான் தவறு. டென்மார்க்கின் ஜென்ஸ் ராஸ்முசென் காட்டிய வழியில் இதையும் இரண்டாகப் பிரிக்கலாம்: தெரிந்த விதியைப் பொருந்தாத இடத்தில் போட்டது ஒன்று, விதியே தெரியாத புது நிலைமையில் தடுமாறியது இன்னொன்று.

விதிமீறல், தெரிந்தே செய்வது. ஆனால் தெரிந்தே செய்வதெல்லாம் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. இரண்டு பேர் சரிபார்க்க வேண்டிய மருந்தை இரவில் ஒருவரே கொடுக்கிறார் என்றால், அந்த வார்டில் இரவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். எல்லோரும் தினமும் மீறும் விதி என்றால் விதியிலோ ஆள்கணக்கிலோ கோளாறு.

இப்போது அந்த வாளிக்குத் திரும்புவோம். 'சிறியது, தவிட்டு நிறம், சுருண்டு கிடக்கிறது, ஆகவே சுருட்டை.' வறண்ட, திறந்த நிலத்தில் இந்த விதி பெரும்பாலும் சரியாக இருக்கும், சுருட்டை விரும்பும் நிலம் அது. மழை பெய்யும் ரப்பர் காட்டில் அதே விதியைப் போட்டதால் தப்புக்கணக்கானது. ரத்தம் உறையாதபோது முதல் தடவை விஷமுறிவு மருந்து கொடுத்ததை நான் பிழை என்று சொல்லமாட்டேன். பாம்பு உறுதியாகத் தெரியாதபோது நோயாளியின் நிலையை வைத்து அப்படித்தான் செய்ய வேண்டும். இரண்டாம் முறையும் பலனில்லாதபோது 'நாம் நினைத்த பாம்புதானா' என்று யாரும் திரும்பக் கேட்காததுதான் பிழையின் நடு. அந்த மருந்தே ஒவ்வாமையால் உயிருக்கு ஆபத்து உண்டாக்கக்கூடியது, அதனால் அந்தக் கேள்வி இன்னும் அவசியம். இதற்கிடையில் பணி மாறியபோது கடைசிக் குழாய்ச் சோதனை எத்தனை மணிக்குச் செய்தது என்று எழுத விட்டுப்போயிருந்தது. அது மறதி. மருந்துத் தாளில் இரண்டு கையெழுத்து வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது, அன்று இரவு அந்தப் பக்கத்தில் ஒருவர்தான் பணியில். அது விதிமீறல், வேர் ஆள்கணக்கில்.

மூன்றுக்கும் வெவ்வேறு மருந்து. அவசரப் பிரிவின் சுவரில் ஐந்து பாம்புகளின் தலைப் படங்களை ஒட்டினார்கள், ஐந்தாவது படத்தில் குழியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். விஷமுறிவு மருந்துத் தாளில் 'இரண்டாம் முறைக்குப் பிறகும் உறையவில்லை என்றால் பாம்பை மறுபரிசீலனை செய்க, டயாலிசிஸ் உள்ள இடத்தோடு பேசுக' என்று ஒரு வரி சேர்ந்தது. சோதனை நேரம் எழுதக் கட்டிலருகே தனித் தாள் வைத்தார்கள். இரவு ஆள்கணக்கு மட்டும் நான் அங்கிருந்து வரும்வரை மாறவில்லை.

பிழை வகைகளை நம்புவதற்கும் ஒரு சோதனை உண்டு. ஒரே தாளை இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் வகைப்படுத்தினால் ஒரே கட்டத்தில் போடுகிறார்களா என்று பார்ப்பது. தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துவிட்டு இந்த ஒற்றுமையை அளக்கும் கணக்கை ஜேக்கப் கோஹன் 1960-ல் கொடுத்தார். இந்தியாவில் வீடு வீடாக விசாரித்து மரணங்களின் காரணத்தைக் கண்டறிந்த பத்து லட்சம் மரணங்கள் ஆய்விலும், வீட்டார் சொன்னதை எழுதிக்கொண்டு வந்து, இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே குறியீடு போடுவார்கள். மாறுபட்டால் திரும்பப் பார்ப்பார்கள், அப்போதும் மாறுபட்டால் மூன்றாமவர் முடிவு செய்வார். 2000 முதல் 2019 வரை நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்ற மதிப்பீடு அப்படிக் கிடைத்ததுதான். மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் கூட்டியிருந்தால் அந்த எண் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

ஆகவே அடுத்த முறை உங்கள் வகுப்பில் ஒரு சம்பவப் படிவத்தைப் பயிற்சிக்குக் கொடுத்தால், நீங்களும் பக்கத்தில் இருப்பவரும் தனித்தனியே வகை எழுதுங்கள், 'கவனக்குறைவு' என்ற சொல்லைத் தொடாமல். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே மாறுபடுகிறீர்களோ அந்த வரியை அடிக்கோடிட்டு ஆசிரியரிடம் கொண்டுபோங்கள்.